முதல் ஆய்வு முன்மொழிவை எழுதுவது எப்படி?

புதிதாக ஆய்வுக்கு வரும் மாணவர் பெரும்பாலும் தலைப்பிலிருந்தே முன்மொழிவைத் (செய்யப்போகும் ஆய்வின் எழுத்துத் திட்டத்தைத்) தொடங்குகிறார். கேள்வியிலிருந்து தொடங்குவதே சரியென்று நான் உறுதியாக நம்புகிறேன். ‘கைப்பேசியும் மாணவர் உறக்கமும்’ என்பது வெறும் களம். ‘இரவு 11 மணிக்குமேல் கைப்பேசி பயன்படுத்தும் முதலாண்டு மாணவர்கள், பயன்படுத்தாதவர்களைவிடக் குறைவாக உறங்குகிறார்களா?’ என்பது கேள்வி. யாரிடம் எதை அளந்து எவரோடு ஒப்பிடப் போகிறோம் என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தைச் செதுக்க இரண்டு வாரம் ஆனாலும் தகும்.

முன்னாய்வுகளைப் பற்றி எழுதும்போது கட்டுரைக்கு ஒரு பத்தி என அடுக்கிக்கொண்டே போக வேண்டாம். ஒத்த முடிவுகளை ஒன்றாகவும், முரண்படுபவற்றை எதிரெதிராகவும் வைத்துப் பார்த்தால், இதுவரை எவரும் விடை காணாத இடம் புலப்படும்; உங்கள் ஆய்வுக்கான நியாயம் அங்கேதான் இருக்கிறது.

மதிப்பீட்டாளர்கள் மிகவும் கூர்ந்து படிப்பது ஆய்வுமுறைப் பகுதியை. மாதிரியின் அளவு (எத்தனை பேரை ஆய்கிறீர்கள் என்பது), தரவு திரட்டும் கருவி, பகுப்பாய்வு ஆகிய ஒவ்வொன்றையும் ஏன் தேர்ந்தீர்கள் என்று சொல்லுங்கள். உறக்க நாட்குறிப்பைப் பயன்படுத்துவதானால், நினைவிலிருந்து எழுதப்படும் நேரம் பிசகக்கூடும் என்பதை நீங்களே ஒப்புக்கொண்டு, அதை எவ்வாறு சரிபார்ப்பீர்கள் என்றும் விளக்குங்கள். குறையை மறைக்கும் முன்மொழிவைவிட, அதை அறிந்திருக்கும் முன்மொழிவே நம்பிக்கை தருகிறது.

மனிதர்களிடம் தரவு திரட்டும் ஆய்வென்றால், பங்கேற்போரின் நலன் காக்கப்படுகிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் காலத்தையும் கால அட்டவணையில் சேருங்கள். முன்மொழிவின் சுருக்கத்தை, மற்றப் பகுதிகளை எல்லாம் எழுதி முடித்த பிறகே எழுதுங்கள்.