ஃபிகாரோவின் கத்திக்கு ஒரு தனி நூல்

இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினியின் நகைச்சுவை ஒபேரா, அதாவது பாட்டாலான நாடகம், 'செவில் நாவிதன்' (1816). அதை ஹட்டனில் நூல்பொம்மைகளால் ஆட நினைத்தால் முழுவதையும் எடுக்காதீர்கள். இரண்டாம் அங்கத்துச் சவரக் காட்சி போதும். நாவிதன் ஃபிகாரோ, கிழவர் பார்தோலோவுக்குச் சவரம் செய்து கவனத்தைத் திருப்ப, காதலர்கள் குசுகுசுப்பார்கள். எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாது.

சிக்கல் கத்தி பிடித்த கைதான், காற்றில் தடுமாறும். பார்தோலோவின் தாடையில் சின்னத் துளை போட்டு, அந்தக் கையில் கட்டிய நூலை அதனூடாகத் தலைக்குப் பின்னால் மேலே எடுங்கள். இழுத்தால் கத்தி நேரே தாடைக்குப் போகும். பருத்தி நூல் வேண்டாம், மூடுபனி ஈரத்தில் நீளம் மாறும். கறுப்பு நைலோன் நல்லது. பாதங்களில் ஈயத் துண்டு வையுங்கள்.

வேகப் பாட்டில் ஒவ்வோர் அசைக்கும் வாயை ஆட்டினால் பார்க்கச் சகிக்காது. தாளத்துக்குத் தலையும் தோளும் போதும். அப்புறம், நுரைக்குப் பஞ்சு.