இன்ஜின் விளக்கு எரிகிறதா? காயில் வாங்கும் முன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்

டாஷ்போர்டில் மஞ்சளாக இன்ஜின் படம் போட்ட விளக்கு வந்ததும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். நின்று எரிகிறதா, விட்டு விட்டு எரிகிறதா?

நின்று எரிந்தால் ஏதோ ஒரு கோளாறு பதிவாகியிருக்கிறது. ஓட்டத்தில் மாற்றம் இல்லையென்றால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். விட்டு விட்டு எரிந்தால், அந்த நிமிடமே ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பட்டறையில் ‘மிஸ் அடிக்குது’ என்பார்கள். அந்தப் பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) போய் எரியும். உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பகுதி சூடு தாங்காமல் உருகிவிட்டால், அதை மாற்றும் செலவுக்கு முன்னால், பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயிலின் விலை ஒன்றுமே இல்லை. ஏசியை அணைத்து, ஆக்சிலரேட்டரை லேசாக்கி, ஓரங்கட்டுங்கள். பாம்பன் பாலத்தின் மேல் இருக்கும்போது வந்தால் நடுவில் நிறுத்த வேண்டாம். மெல்ல மிதித்து இறங்கி, அக்கரை போனபின் நிறுத்துங்கள்.

சில கார்களில் கூடவே ஈஎஸ்பி (வண்டி வழுக்காமல் காக்கும் வசதி) விளக்கும் எரியும். பிரேக் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். இன்ஜின் சரியாக இழுக்காதபோது கம்ப்யூட்டர் அந்த வசதியைத் தானே நிறுத்திவைக்கிறது. சிவப்பு ஆயில் விளக்கும் சிவப்பு டெம்பரேச்சர் விளக்கும் வேறு கதை. அவை வந்தால் காயிலை மறந்துவிட்டு உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் டாஷ்போர்டில் சுருள் கம்பி போல ஒரு மஞ்சள் விளக்கு வரும். அதைக் ‘காயில் விளக்கு’ என்று சிலர் சொல்வதுண்டு. அது குளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் பாகம்) விளக்கு. டீசல் இன்ஜினில் இக்னிஷன் காயிலே கிடையாது, ஆகவே கீழே உள்ள காயில் சோதனைகள் உங்களுக்குப் பொருந்தாது.

காயில் என்ன வேலை செய்கிறது?

பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக ஏற்றி ஸ்பார்க் பிளக்குக்குக் கொடுக்கிறது. இன்றைய பெரும்பாலான பெட்ரோல் கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். வண்டிக்குப் பாரம் கூடக் கூட சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி பறக்க இன்னும் அதிக வோல்ட் தேவைப்படும். அதனால்தான் பலவீனமான காயில் வீட்டு வாசலில் ஐட்லிங்கில் ஒழுங்காக இருந்துவிட்டு, ஏற்றத்தில் உதறும். சமதரையான இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏற்றம் என்றால் பாம்பன் பாலமும் சில ரயில்வே மேம்பாலங்களும்தான். ‘பாலம் ஏறும்போது மட்டும் வண்டி உதறுது, இறங்கினா சரியாயிடுது’ என்றால் சந்தேகத்தைக் காயில் பக்கமும் பிளக் பக்கமும் திருப்பலாம். மூன்று சிலிண்டர் கார்களில் குலுங்கல் இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும்.

முதலில் கோளாறு எண்ணைப் (கோடு) படியுங்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 துளை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் கோளாறு எண்களைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரைச் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, மொபைல் செயலியில் படியுங்கள். வரும் எண்களை அப்படியே எழுதிவையுங்கள். எழுதுவதற்கு முன்னால் அழிக்காதீர்கள்.

பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், பி0302 இரண்டாவதில், இப்படியே போகும். பி0300 என்பது எந்தச் சிலிண்டர் என்று பிடிபடாத மிஸ்ஃபயர். பி0351, பி0352 வரிசை காயிலின் மின்சுற்றையே சுட்டும்: காயில், கனெக்டர், ஒயர் மூன்றில் ஒன்று.

பலர் பணத்தைத் தொலைப்பது இந்த இடத்தில்தான். பி0303 வந்தவுடன் ‘மூணாவது காயில் போச்சு’ என்று கடைக்கு ஓடுகிறார்கள். அந்தக் கோடு சொல்வது மூன்றாவது சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை என்பதை மட்டும். காரணம் பிளக்காகவும் இருக்கலாம், பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டராகவும் இருக்கலாம், களிம்பு ஏறிய ஒரு பின்னாகவும் இருக்கலாம்.

1-ம் 4-ம் சிலிண்டர்களின் கோடுகள் ஒன்றாக வந்தால், ஒரே காயில் இரண்டு பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் அமைப்பா என்று பாருங்கள். எல்லா காயில் கோடுகளும் ஒரே நேரத்தில் வந்தால் காயிலைத் தொடவே வேண்டாம், பொதுவான ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள்.

கழற்றுவது

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். தேவையானவை: 10 எம்எம் சாக்கெட், ரேட்சட், நீட்டிப்புக் கம்பி, உங்கள் பிளக்குக்குப் பொருந்தும் பிளக் சாக்கெட், காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, டார்ச், ஒரு மார்க்கர்.

சிலிண்டர் எண்ணைப் பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் பெல்ட் ஓடும் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். கையேட்டில் உறுதி செய்துகொண்டு, ஒவ்வொரு காயிலின் தலையிலும் மார்க்கரால் எண் போடுங்கள். கனெக்டர் பூட்டை அழுத்தி, பிளாஸ்டிக் உடம்பைப் பிடித்து இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. சூட்டில் காய்ந்த பூட்டு அப்பளம் மாதிரி நொறுங்கும், அவசரம் வேண்டாம். போல்ட்டைக் கழற்றிய பிறகு காயிலை இடமும் வலமும் லேசாகத் திருகி, பிடி தளர்ந்ததும் மேலே தூக்குங்கள். திருகாமல் இழுத்தால் காயிலின் அடியில் பிளக்கைக் கவ்வியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து பிளக் குழிக்குள்ளேயே தங்கிவிடும்.

இப்போது டார்ச் அடித்து உற்றுப் பாருங்கள். இந்தக் கரையில் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

கனெக்டருக்குள் பின்கள் பளபளவென்று இருக்க வேண்டும். தென்கடல் பக்கமோ வடகடல் பக்கமோ, உப்புக்காற்றில் வெளியில் நிற்கும் வண்டியில் பின்னின் அடிப்பாகத்தில் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு பூத்திருக்கும், மாவு தூவியது போல. கனெக்டரின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் ஈரம் போகும் வழி அதுதான். காண்டாக்ட் கிளீனர் அடித்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி அடித்து, முழுதாகக் காயவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பின்னின் மேல்பூச்சு போய்விடும், அடுத்த மழைக்குள் இன்னும் வேகமாகக் களிம்பு ஏறும்.

அடுத்து ரப்பர் உறை. மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறதா? மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் உறை வழியாக இன்ஜின் உடம்புக்குக் கசிந்த தடம் அது. துடைத்தாலும் அந்தத் தடத்தில் மறுபடி கசியும், உறையை மாற்றத்தான் வேண்டும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் இதே கோடு இருந்தால் பிளக்கும் போக வேண்டியதுதான். உறைக்குள் இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

குழிக்குள் தண்ணீர் நின்றால் இன்ஜினைக் கழுவிய வேலை. ஆயில் நின்றால் இன்ஜினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் வால்வ் கவர் கேஸ்கெட் கசிகிறது, அதைச் சரிசெய்யாமல் புதுக் காயில் போடுவது வீண். தென்னந்தோப்பில் வண்டி நிற்கும் வீடுகளில் ஒயரை எலி கடித்திருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இடம் மாற்றிப் பார்க்கும் சோதனை

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லையா? வந்த கோடு பி0303 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது காயிலை முதலாவது இடத்திலும், முதலாவதை மூன்றாவது இடத்திலும் மாட்டுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம். பேட்டரியை இணைத்து, கோடை அழித்துவிட்டு, ஏசி போட்டு 10 முதல் 15 கிலோமீட்டர் ஓட்டுங்கள். காயில் சூடாக வேண்டும். வாசலில் ஐந்து நிமிடம் உறும விட்டால் போதாது. ஓட்டத்தில் விளக்கு விட்டு விட்டு எரியத் தொடங்கினால் அத்துடன் நிறுத்திக் கோடைப் படியுங்கள், விடை கிடைத்தாயிற்று.

கோடு பி0301 ஆக மாறினால் கோளாறு காயிலோடு நகர்ந்திருக்கிறது. குற்றவாளி காயில்தான், தாராளமாக மாற்றுங்கள். மறுபடியும் பி0303 வந்தால் காயில் நல்ல காயில். அடுத்ததாகப் பிளக்கை இதேபோல இடம் மாற்றுங்கள். அதற்குமுன் குழிக்குள் இருக்கும் மணலைக் காற்றடித்து வெளியேற்றுவது கட்டாயம். சைக்கிள் பம்பே போதும். பிளக் கழன்ற துளை வழியாக ஒரு சிட்டிகை கடல்மணல் சிலிண்டருக்குள் விழுந்தால் அது வேறு செலவு. பிளக்கும் நல்லது என்றால் இனி ஒயர், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்). கடைசி இரண்டையும் பட்டறையில் விடுங்கள். எதுவுமே வரவில்லை என்றால், கழற்றி மாட்டியதில் கனெக்டர் சரியாகப் பிடித்திருக்கிறது. ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

மல்டிமீட்டரை ரொம்ப நம்ப வேண்டாம். மூன்று அல்லது நான்கு பின் காயில்களுக்குள் எலக்ட்ரானிக் சுற்று இருப்பதால் ஓம் அளவு எதையும் சொல்லாது. இரண்டு பின் காயில் என்றால், அதே வண்டியின் நல்ல காயிலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்போதும் ஆறிய நிலையில் சரியாகக் காட்டிவிட்டுச் சூட்டில் மக்கர் செய்யும் காயில்கள் உண்டு. மீட்டர் உருப்படியாக உதவுவது வேறொன்றுக்கு: கனெக்டரைக் கழற்றி, சாவி ஆன் நிலையில் சப்ளை பின்னில் வோல்ட்டைப் பாருங்கள். பேட்டரி வோல்ட்டுக்கு நெருக்கமாக வர வேண்டும். நன்றாகக் குறைந்தால் வழியில் எங்கோ கோளாறு. ஓடும் இன்ஜினில் காயிலைக் கையால் தூக்கிப் பொறி பார்க்கும் பழைய வித்தை வேண்டவே வேண்டாம். கைக்கும் ஆபத்து, இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் ஆபத்து.

மாட்டும்போது

பழைய காயிலின் மேல் அச்சிட்ட பார்ட் நம்பரைச் சொல்லியே வாங்குங்கள், கார் பெயரை மட்டும் சொன்னால் போதாது. இடைவெளி தேய்ந்து அகலமான பிளக்கை அப்படியே விட்டால் புதுக் காயிலும் திணறிச் சாகும், ஆகவே பிளக்கின் கிலோமீட்டர் கணக்கையும் பாருங்கள். புதுப் பிளக்கை முதலில் கையாலேயே திருகி இறக்கி, வாஷர் உட்கார்ந்த பிறகு ஏறக்குறைய அரைச் சுற்று. கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. உறையின் வாய்க்குள் ஒரு பயறளவு டைஎலக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸ் போதும், மெல்லிய பூச்சாக. காயில் போல்ட்டை லேசாக இறுக்கினால் போதும், கீழே இருப்பது அலுமினியம் அல்லது பிளாஸ்டிக்.

கோடை அழித்து ஒரு வாரம் ஓட்டுங்கள். மிஸ்ஃபயர் நின்றபின் பி0420 என்று புதிதாக ஒன்று வந்தால், விட்டு விட்டு எரிந்த விளக்கோடு நெடுநாள் ஓட்டியதில் கன்வர்ட்டர் அடிபட்டிருக்க வாய்ப்புண்டு. தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனை வரை போய் வந்த வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது சரிதான். பானட்டுக்குள் மட்டும் பம்ப் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று கழுவும் ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.