சோலாருக்கு முன் சாம்பலைப் பாருங்கள்

இலங்கையின் கிழக்கே சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் நெல் ஆலை வைத்திருப்பவர்களிடம் சுற்றாடலைப் பற்றிப் பேச்செடுத்தால், கூரையில் சோலார் போடுவதைத்தான் முதலில் சொல்வார்கள். சோலார் நல்லதுதான். ஆனால் அதிலிருந்து தொடங்குவது தவறு. புழுங்கல் அரிசி ஆலையில் சக்தி பெரும்பாலும் நெல் அவிப்பதற்கும் காயவைப்பதற்குமே போகிறது. அவிக்கிற சூடு கரண்டில் வருவதில்லை, உமியில் வருகிறது.

1000 கிலோ நெல்லில் ஏறத்தாழ 200 கிலோ உமி வரும். அது நன்றாக எரிந்தால் 40 கிலோ அளவில் வெளிறிய சாம்பல் மிஞ்சும். சாம்பல் கறுப்பாக இருந்தால், எரியவேண்டிய கரி எரியாமலே வெளியே போகிறது என்று அர்த்தம். ஒன்று, அடுப்புக்குக் காற்றுப் போதவில்லை. இல்லையென்றால் உமி ஈரம். மாரியில் உமியை வெட்டவெளியில் குவித்து, நனைந்ததையே அள்ளிப் போடும் ஆலைகள் உண்டு. அந்தப் புகை அயல்வீட்டுப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகிறது. இதை நினைத்தால் மனம் பொறுக்காது, ஏனென்றால் உமிக்கு மேல் ஒரு தகரக் கொட்டில் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். கொதிகலனிலிருந்து போகும் நீராவிக் குழாயை வெப்பம் கடத்தாத உறையால் மூடினால் உமியும் மிச்சம். "உமி சும்மா கிடைப்பதுதானே" என்பார்கள். கோழிக்கூட்டில் பரப்ப உமி வாங்கும் கோழிப்பண்ணைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், சும்மாவா என்று தெரியும்.

கரண்ட் பில்லில் கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. மொத்தமாக மின்சாரம் எடுக்கும் ஆலைக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை அலகின் விலை அதிகம். அந்த நேரத்தில் சோலாரும் கை கொடுக்காது. வேலை நேரத்தை மாற்றினால் செலவில்லாமலே பில் குறையும்.

எனக்கு மிகவும் கவலை தருவது தண்ணீர். நெல் ஊறிய தண்ணீர் பார்வைக்குச் சாதாரணமாக இருப்பதால் வாய்க்காலில் திறந்துவிடுகிறார்கள். அதில் கரைந்திருப்பவை அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசன் தீர்ந்து மீன் சாகும். மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும் மாதங்களில் உள்ளே வந்த அழுக்குக் கடலுக்குப் போகவும் வழியில்லை. சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் சுவரில் தொங்கினால் போதாது. அதிலுள்ள கழிவுநீர் நிபந்தனைகளை ஒருமுறை வாசியுங்கள். ஊறல் தண்ணீரைத் தொட்டியில் தேக்கிச் சுத்திகரித்த பிறகே வெளியே விட வேண்டும்.

மருதமுனைக் கைத்தறிக்கு நூல் சாயம் போடுபவர்களுக்கும் இதே பொறுப்பு உண்டு. அங்கே தவறு கைக்கணக்கில் தொடங்குகிறது. நூலைத் தராசில் நிறுத்து, அதற்கேற்பச் சாயத்தையும் நிறுக்க வேண்டும். நூல் பிடிக்காத சாயம் முழுக்கத் தண்ணீரோடுதான் போகும். சில சாயங்கள் தண்ணீரில் முற்றாகக் கரைந்துவிடுவதால் தொட்டியில் தேக்கினாலும் அடியில் படியாது. வெளிர் நிறங்களை முதலில் முடித்து, அப்புறம் கடும் நிறங்களுக்குப் போனால் பாத்திரம் கழுவும் தண்ணீர் குறையும். கடைசி அலசலின் தண்ணீரை அடுத்த நூலின் முதல் அலசலுக்கு எடுக்கலாம்.