ஆச்சியின் மஞ்சள் விரல்: கிம்ப் 3.0 வெள்ளோட்டப் பதிப்பில் பழைய புகைப்படத்தைச் சீராக்குவது எப்படி?

புனலூர் அத்தை 2024 கார்த்திகையில் செங்கோட்டைக்கு வந்தபோது பழைய நாட்காட்டி அட்டை ஒன்றுக்குள் ஒரு புகைப்படத்தைப் பத்திரப்படுத்தி எடுத்துவந்தார். 1954இல் எடுத்த தாத்தா ஆச்சியின் கல்யாணப் படம். அப்போது எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதனால் படத்தின் பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை மலையாளத்தில் இருக்கிறது. அதன் கீழே தாத்தா பென்சிலால் தமிழில் தேதி எழுதியிருக்கிறார்.

முன்பக்கத்தில் குறுக்கே ஒரு மடிப்பு. அது ஆச்சியின் தோளில் தொடங்கி, தாத்தாவின் தாடையைத் தொட்டுக்கொண்டு போகிறது. வலது ஓரம் முழுக்கப் பூஞ்சைப் புள்ளிகள். இடது கீழ் மூலையில் தெளிவாக ஒரு மஞ்சள் விரல் ரேகை. அடுப்படியிலிருந்து வந்த ஆச்சி, கையைத் துடைக்காமல் இந்தப் படத்தை எடுத்துப் பார்த்த ஏதோ ஒரு நாளில் அது பதிந்திருக்க வேண்டும்.

"இதைச் சுத்தம் செய்து பெரிதாக எடுத்துக் கொடு தம்பி. ஆனால் அம்மாவின் விரலை அழித்துவிடாதே" என்றார் அத்தை. கறை போகவும் வேண்டும், இருக்கவும் வேண்டும். இந்த விளக்கம் முழுவதும் அந்த ஒரு வேண்டுகோளைச் சுற்றியதுதான். கணினியில் படத்தைத் தொட்டே பழகாதவர்களும் பின்தொடரும்படி எழுதுகிறேன்.

எந்த மென்பொருள், ஏன் வெள்ளோட்டப் பதிப்பு

கிம்ப் என்பது படங்களைத் திருத்த உதவும், இலவசமாகக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995இல் தொடங்கிய வேலை இது. 1996இல் அவர்கள் முதன்முதலாகப் பொதுவில் விட்ட பதிப்பின் எண் 0.54. முழுமையடையாத எண்ணோடுதான் அது வெளியே வந்தது. அந்தப் பதிப்பு, பொத்தான்களுக்கும் பட்டியல்களுக்கும் மோட்டிஃப் என்ற கட்டணக் கருவித்தொகுப்பை நம்பியிருந்தது. அந்தத் தளையை அறுக்க அவர்களே எழுதிய கருவித்தொகுப்புதான் ஜிடிகே. பின்னாளில் லினக்ஸில் பரவிய க்னோம் மேசைத்தளமே (டெஸ்க்டாப்) அதன் மேல்தான் கட்டப்பட்டது. ஒரு முற்றுப்பெறாத வெளியீட்டிலிருந்து இவ்வளவு பெரிய மரம் முளைத்தது என்பதால், வெள்ளோட்டப் பதிப்புகளின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

வெள்ளோட்டம் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2010இல் புனலூர் செல்லும் மீட்டர்கேஜ் பாதை மூடப்பட்டு, அகலப்பாதையாகி 2018இல் மீண்டும் திறந்தது. பயணிகளை ஏற்றும் முன் மலைப்பாதையில் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். மென்பொருளிலும் அப்படித்தான். கிம்ப் 2.10 வந்தது 2018 ஏப்ரலில். அதற்கு அடுத்த பெரிய பதிப்பான 3.0இன் வெள்ளோட்டம், ஆர்.சி.1 என்ற பெயரில், 2024 நவம்பரில் வந்தது. நான் ஆச்சியின் படத்தைச் செய்தது அதில்தான். முழுப் பதிப்பு 2025 மார்ச் 16 அன்று வெளியானது. கீழே சொல்லும் படிகள் இரண்டுக்கும் பொருந்தும்.

வெள்ளோட்டப் பதிப்பை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. 2.10இல் ஒரு படத்தின் நிறத்தை மாற்றினால் மாற்றியதுதான். கோப்பை மூடிவிட்டால் திரும்ப வழியில்லை. 3.0இல் நிறத் திருத்தங்களும் வடிப்பான்களும் (ஃபில்டர்) படத்தின் மேல் கண்ணாடித் தாள் போல நிற்கின்றன. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், மீண்டும் வைக்கலாம், அளவை மாற்றலாம். அத்தை கேட்டதும் இதைத்தானே!

முதலில் ஸ்கேன்

கைபேசியில் படம் பிடித்துத் தொடங்காதீர்கள். ஸ்கேனர் இருக்கும் கடைக்குப் போய், படத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். 600 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள், போதும். எங்கள் படம் 3 அங்குலத்துக்கு 4 அங்குலம். 600 டிபிஐயில் 1800க்கு 2400 பிக்சல் கிடைத்தது. அதை 300 டிபிஐயில் அச்சிட்டால் 6க்கு 8 அங்குலம் வரும். இதைவிடப் பெரிதாக வேண்டுமானால் 1200 கேளுங்கள். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்தில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். ஏன் என்பது நான்காம் படியில் தெரியும். ஸ்கேனர் தானாகச் செய்யும் நிறத் திருத்தங்களை அணைத்துவிட்டு, டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாக வாங்குங்கள்.

மடிப்பு மேடாக இருந்தால், படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு ஸ்கேன் எடுங்கள். நிழல் விழும் பக்கம் மாறும். இரண்டில் மடிப்பு மெல்லியதாகத் தெரியும் கோப்பைப் பயன்படுத்தலாம். பின்பக்கத்தையும் மறக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். முத்திரையும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கின்றன.

நிறுவுதல்

கிம்ப்பின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் உண்டு. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் உடனே வெளியேறிவிடுங்கள். ஏற்கெனவே 2.10 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 3.0இல் வடிப்பான்களோடு சேமித்த கோப்பு 2.10இல் சரியாகத் திறக்காது. ஆகவே ஸ்கேன் கோப்பின் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். மூலக் கோப்பு வேறொரு பென்டிரைவில் இருக்கட்டும்.

படி 1: திறந்து, நகல் அடுக்கு எடுப்பது

ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்துப் படத்தைத் திறங்கள். இமேஜ் மெனுவில் பிரிசிஷன் என்பதில் 16 பிட்டைத் தேர்ந்தெடுங்கள். நிறத்தை இழுத்து நீட்டும்போது வானமும் சுவரும் பட்டை பட்டையாகப் பிரியாமல் இருக்க இது உதவும்.

வலது பக்கம் லேயர் பலகையில் உங்கள் படம் ஒரே அடுக்காக (லேயர்) தெரியும். ஷிஃப்ட், கன்ட்ரோல், டி (D) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அதன் நகல் மேலே வரும். கீழ் அடுக்குக்கு 'மூலம்' என்றும், மேல் அடுக்குக்கு 'பழுது' என்றும் பெயர் வையுங்கள். இனி மூலத்தைத் தொடவே கூடாது.

உடனே கன்ட்ரோல் எஸ் அழுத்தி, கிம்ப்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள். முதல் நாள் நான் இதைச் செய்யவில்லை. பின்மாலை மழையில் மின்சாரம் போனது. தாத்தாவின் தாடையில் ஒன்றரை மணி நேரம் பார்த்த வேலையும் அதோடு போனது. வெள்ளோட்டப் பதிப்பில் மென்பொருளே திடீரென மூடிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்தே ஆகவேண்டும்.

படி 2: மடிப்பையும் புள்ளிகளையும் ஆற்றுவது

அதிக நேரம் எடுப்பது இந்தப் படிதான். அவசரப்பட வேண்டாம்.

எச் எழுத்தை அழுத்தினால் ஹீல் கருவி வரும். பெயருக்கேற்ப இது காயம் ஆற்றும் கருவி: ஓர் இடத்தின் இழையமைப்பை எடுத்து, ஒட்டும் இடத்தின் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் ஏற்பப் பொருத்திவிடும். படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். புள்ளியைவிடச் சற்றே பெரிய தூரிகை போதும். சதுர அடைப்புக்குறி விசைகள் தூரிகையைச் சிறிதும் பெரிதுமாக்கும். பழுதில்லாத பக்கத்து இடத்தில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஒருமுறை சொடுக்குங்கள். பிறகு கன்ட்ரோலை விட்டுவிட்டுப் புள்ளியின் மேல் சொடுக்குங்கள். புள்ளி மறைந்துவிடும்.

மடிப்பை ஒரே இழுப்பில் தேய்க்கக் கூடாது. அது கடந்துபோகும் இடங்கள் வெவ்வேறு: முதலில் புடவை, பிறகு சுவர், பிறகு சட்டை, கடைசியாகத் தாடை. ஒவ்வொரு பகுதிக்கும் அதே பகுதியிலிருந்தே மாதிரி எடுங்கள். புடவைக்குப் புடவை, சுவருக்குச் சுவர். சிறுசிறு சொடுக்குகளாகப் போங்கள்.

சிக்கல் வருவது விளிம்புகளில். வெள்ளைச் சட்டைக் காலர் கருத்த கழுத்தைத் தொடும் இடத்தில் ஹீல் கருவி இரண்டையும் குழைத்து, மை கசிந்தது போல ஆக்கிவிடும். அங்கே மட்டும் சி அழுத்தி க்ளோன் கருவிக்கு மாறுங்கள். அது எதையும் பொருத்திப் பார்க்காது, இருப்பதை அப்படியே நகலெடுக்கும். காலர் விளிம்பில் நேராக இருக்கும் ஓர் இடத்தைக் கன்ட்ரோல் சொடுக்கில் எடுத்து, மடிப்பு வெட்டிய இடத்தில் விளிம்போடு விளிம்பு சேரும்படி வையுங்கள். தாத்தாவின் காலருக்கு எனக்கு இருபது முயற்சிகள் தேவைப்பட்டன.

முகத்தில் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். தாடையில் மடிப்பின் கோட்டை மட்டும் ஆற்றினேன். ஆச்சியின் இடது கண்ணோரம் பூஞ்சை தின்றுவிட்ட ஒரு சிறு இடம் இருக்கிறது. அதற்குக் கீழே என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. வலது கண்ணை எடுத்துத் திருப்பி ஒட்டலாம், பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் அது ஆச்சியின் கண் ஆகாது. அந்த இடத்தை விட்டுவிட்டேன்.

மஞ்சள் ரேகையின் மேல் ஹீல் கருவியைக் கொண்டுபோக வேண்டாம். அதற்கு வேறு வழி இருக்கிறது.

படி 3: ஓரம் வெட்டுவது

ஷிஃப்ட் சி அழுத்தி க்ராப் கருவியை எடுங்கள். வெட்டிய பிக்சல்களை அழிக்கும் கட்டத்தில் டிக் இல்லாமல் பார்த்துக்கொண்டு வெட்டுங்கள்.

படி 4: கறையை எடுக்காமலே மறைப்பது

வண்ணத்தில் ஸ்கேன் செய்யச் சொன்னதன் பலன் இங்கேதான். மஞ்சள் கறை நீல ஒளியை விழுங்கும். சிவப்பு ஒளியை அநேகமாக அப்படியே விட்டுவிடும். ஸ்கேன் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. நீலத்தில் ஆச்சியின் விரல் ரேகை கரிக்கோடு போல அடர்ந்து தெரியும். சிவப்பில் தேடினாலும் கிடைக்காது. காகிதம் பழுத்துப்போன மஞ்சளும் இதே முறையில் போகும்.

'பழுது' அடுக்கைத் தேர்ந்தெடுத்து, கலர்ஸ் மெனுவில் காம்போனன்ட்ஸ், அதற்குள் மோனோ மிக்ஸர் போங்கள். சிவப்பை 1 என்றும், பச்சையையும் நீலத்தையும் 0 என்றும் வையுங்கள். வடிப்பானை அடுக்கோடு இணைத்துவிடும் கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது. ஓகே கொடுத்ததும் படம் கறுப்பு வெள்ளையாக மாறும். மூலையில் இருந்த ரேகை கரைந்துபோகும்.

இப்போது லேயர் பலகையில் அடுக்கின் பெயர் அருகே எஃப்எக்ஸ் என்ற சிறு குறி முளைத்திருக்கும். அதைச் சொடுக்கினால் மோனோ மிக்ஸர் பட்டியலில் இருக்கும், பக்கத்தில் ஒரு கண் படத்தோடு. கண்ணை அணையுங்கள். மஞ்சள் விரல் திரும்பி வந்துவிடும். ஏற்றினால் மறையும். இதைச் செய்துகாட்டியபோது அத்தை நான்கு முறை அணைத்து ஏற்றிப் பார்த்தார்.

அடுத்து கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ். மலை போன்ற வரைபடத்தின் கீழே மூன்று முக்கோணங்கள் இருக்கும். இடது முக்கோணத்தை மலை தொடங்கும் இடத்துக்கும், வலது முக்கோணத்தை மலை முடியும் இடத்துக்கும் நகர்த்துங்கள். வெளிறிப்போன படம் உயிர் பெறும். நடு முக்கோணத்தை இடப்பக்கம் தள்ளினால் முகம் தெளியும், அளவாகத் தள்ளுங்கள். கறுப்பு முற்றினால் கூந்தலின் இழைகள் காணாமல் போய்விடும். கூர்மை கூட்டும் வடிப்பானை நான் தொடவில்லை. பழைய படத்தின் மென்மை அதன் லென்ஸ் தந்தது.

படி 5: பெயர் எழுதி, வெளியே எடுப்பது

டி (T) அழுத்தினால் எழுத்துக் கருவி. நோட்டோ சான்ஸ் குடும்பத்தில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் எழுத்துருக்கள் உண்டு, இலவசம். கொம்பும் காலும் இடம் மாறாமல் சரியாக விழுகின்றன. படத்தின் கீழ் விளிம்பு கருமையாக இருந்தால் 3.0இல் எழுத்துக்கு வெளிக்கோடு போடும் வசதியையும் பயன்படுத்தலாம்.

எக்ஸ்சிஎஃப் கோப்பைச் சேமித்த பிறகு, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுத்து அச்சுக்கு ஒரு டிஃப், கைபேசியில் அனுப்ப ஒரு ஜேபெக் எடுங்கள். நான் இதை இருமுறை செய்தேன்: மோனோ மிக்ஸரின் கண் திறந்திருக்க ஒன்று, மூடியிருக்க ஒன்று.

வேலைக்கு நடுவே ஏதாவது பிழை தட்டுப்பட்டால், ஹெல்ப் மெனுவில் பதிப்பு எண்ணைப் பார்த்துக் குறித்து, என்ன செய்தபோது நடந்தது என்று நான்கு வரியில் க்னோம் திட்டத்தின் கிட்லேப் தளத்தில் எழுதுங்கள். வெள்ளோட்டம் விடுவதே அதற்காகத்தான்.

இரண்டு படங்களின் கீழும் தாத்தா, ஆச்சியின் பெயர்களையும், செங்கோட்டை, 1954 என்பதையும் இரண்டு மொழிகளில் எழுதியிருக்கிறேன். அத்தையின் பேரப்பிள்ளைகள் மலையாளத்தில் படிப்பவர்கள். கறுப்பு வெள்ளைப் படம் புனலூர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. விரல் ரேகை உள்ளதை அத்தை தன் அலமாரியில் வைத்திருக்கிறார்.