நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால்

பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக ஊருக்குக் கிளம்புபவர்கள் கவனத்துக்கு. வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்ததுமே, ஓட்டம் இருக்கும்போதே இடது ஓரம் ஒதுக்குங்கள். நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். ஓட்டுபவர் உட்பட எல்லோரும் இடது கதவு வழியாகவே இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால், வண்டிக்குப் பின்னால் தள்ளி நில்லுங்கள். யாராவது வந்து இடித்தால் வண்டி முன்னோக்கித்தான் பாயும்.

சிவப்பு முக்கோணத்தைப் பலரும் டிக்கியை ஒட்டியே வைக்கிறார்கள். வீண். 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கும். தடுப்புக்கு வெளியிலேயே 140 எட்டு பின்னால் நடந்தால் ஏறக்குறைய 100 மீட்டர், அங்கே வையுங்கள்.

பிறகு தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-ஐ அழைத்து, அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொல்லுங்கள். வலது பக்க டயரை மட்டும் நீங்களே கழற்ற வேண்டாம், பகலிலும்கூட.