ஸ்டேட்டாவில் நீளமான மாறிப் பட்டியலைக் கையாள்வது

புள்ளிவிவரங்களை அலசும் மென்பொருளான ஸ்டேட்டாவில், குமரி மாவட்டத்தின் ஆறு தாலுகாக்களிலும் எடுத்த ஒரு குடும்பக் கணக்கெடுப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குலசேகரத்து ரப்பர், குளச்சல் மீன், தோவாளைப் பூ, தேங்காய், கூலி, வளைகுடாப் பணம் என்று வருமானத்துக்கே 20 மாறிகள் (டேட்டாவின் நெடுவரிசைகள்) வந்துவிடும். ஒவ்வொரு ரிக்ரெஷனிலும் (ஒரு மாறி மற்ற மாறிகளோடு எப்படித் தொடர்புபடுகிறது என்று பார்க்கும் கணக்கு) அத்தனையையும் தட்டச்சு செய்தால் எங்காவது ஒன்று விடுபடும். பட்டியலை ஒரே இடத்தில் எழுதுங்கள். மற்ற இடங்களில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

டூ-ஃபைலின், அதாவது கட்டளைகளை எழுதிவைக்கும் கோப்பின், தொடக்கத்திலேயே ‘செட் வேர்அப்ரெவ் ஆஃப்’ போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பெயரை அடித்தாலும் ஸ்டேட்டா தானாக ஊகித்து எடுத்துக்கொள்ளும்.

வருமான மாறிகள் எல்லாம் ‘வரு_’ என்று தொடங்கினால், ‘வரு_*’ என்றதும் மொத்தமும் வரும். கூட்டுத்தொகைக்கு மட்டும் ‘வரு_மொத்தம்’ என்று வைக்காதீர்கள். நட்சத்திரம் அதையும் சேர்த்து இழுக்கும், அடுத்த கூட்டலில் வருமானம் இரட்டிப்பாகும். ‘மொத்த_வரு’ என்று திருப்பி வையுங்கள். ஹைபன் இதைவிட மோசம். ‘வரு_ரப்பர்-வரு_கூலி’ என்பது டேட்டாவில் மாறிகள் நிற்கும் வரிசையைப் பொறுத்தது. யாராவது ‘ஆர்டர்’ கட்டளை போட்டால் பட்டியலே வேறாகிவிடும்.

‘அன்ஆப் வருமானம் : வரு_*’ என்று எழுதினால், நட்சத்திரம் முழுப் பெயர்களாக விரிந்து ‘வருமானம்’ என்ற லோக்கல் மேக்ரோவில், அதாவது பட்டியலைத் தாங்கும் தற்காலிகப் பெயரில், சேரும். அதைக் கூப்பிடும்போது இடப்பக்கம் டேப் விசைக்கு மேலுள்ள சாய்ந்த குறி, வலப்பக்கம் சாதாரண ஒற்றை மேற்கோள். இரண்டும் ஒன்றல்ல.

பெரிய ஆபத்து இனிதான். லோக்கல் மேக்ரோ அந்த ஓட்டத்தோடு மறைந்துவிடும். முதலில் பட்டியல் வரியை மட்டும், பிறகு ரிக்ரெஷன் வரியை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டினால், இரண்டாவது ஓட்டத்தில் மேக்ரோ வெற்று. ஸ்டேட்டா பிழை காட்டாது. அந்த மாறிகள் இல்லாமலே ரிக்ரெஷனை ஓட்டி அழகான அட்டவணை தரும். மேக்ரோ பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும் இதே கதைதான். ஆகவே ‘வேர்டு கவுண்ட்’ கொண்டு எண்ணி, எண்ணிக்கை 20 தானா என்று ‘அசர்ட்’ வரியில் சோதியுங்கள். இல்லையென்றால் புரோகிராம் அங்கேயே நிற்கும். அந்தச் சோதனை ரிக்ரெஷனுக்கு நேர் மேலே இருக்கட்டும், இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள். குளோபல் மேக்ரோவுக்கு மாறினால் ஓட்டம் முடிந்தாலும் மறையாது என்பது உண்மைதான். ஆனால் ஸ்டேட்டாவை மூடாமல் விட்டால் நேற்றைய வேலையின் பட்டியல் இன்றைய வேலைக்குள் நுழைந்துவிடும்.

பட்டியல் நீளநீள இன்னொன்றையும் கவனியுங்கள். 20 மாறிகளில் ஏதாவது ஒன்றில் பதில் விடுபட்டாலும் ரிக்ரெஷன் அந்தக் குடும்பத்தையே கழித்துவிடும். மீன் வருமானம் கேட்கப்படாத மலையோரக் குடும்பங்கள் இப்படித்தான் மொத்தமாகக் காணாமல் போகும். எந்த மாறியில் எத்தனை பதில் விடுபட்டிருக்கிறது என்று முதலில் ‘மிஸ்டேபிள் சம்மரைஸ்’ ஓட்டிப் பாருங்கள். உண்மையிலேயே வருமானம் இல்லாத இடத்தில் மட்டும் 0 போடுங்கள்.