அரையாண்டு லீவில் ஒருநாள் சென்னை: காரைக்குடிப் பக்கத்துக்காரர்கள் செய்யும் தவறுகள்

கார்த்திகை பிறந்தால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "அரையாண்டு லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மெட்ராஸ் போறோம். ராத்திரி ஏறி, ஒருநாள் பூரா சுத்திட்டு, மறுநாள் விடியறப்ப வீட்டுக்கு வந்துரணும்." வண்டியும் டிக்கெட்டும் ஏற்பாடு செய்து கொடுப்பது என் வேலை. கேட்பவர் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும்: வண்டலூர், மகாபலிபுரம், மியூசியம், மெரினா, தி.நகர். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் எழுதிக் கொடுத்த அதே பட்டியல்தான். வருஷம் மாறினாலும் பட்டியல் மாறுவதில்லை.

தண்ணீர் பாட்டில், காய்ச்சல் மாத்திரை, மாற்று உடுப்பு பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு அது தெரியும்.

பல்லவனில் போய்ப் பல்லவனில் திரும்புவது

விடியற்காலையில் காரைக்குடியில் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் எழும்பூரில் இறங்கும்போது மதியம். பிற்பகலிலேயே வண்டி திரும்பிவிடும். ஸ்டேஷன் எதிரே சாப்பிட்டுவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

தேதியை மட்டும் பார்த்து, கிழமையைப் பார்க்காதது

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் அதே செவ்வாய். எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளி. ஈ.சி.ஆர். பக்கம், தென்னிந்தியப் பழைய வீடுகளை வைத்துக் காட்டும் தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். பண்டிகைக் காலத்தில் செவ்வாயிலும் பூங்காவைத் திறப்பது உண்டு. ஆனால் அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள், அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

நம் பக்கத்துக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தோராம் நாள். பெரும்பாலும் அது இந்த லீவை ஒட்டியே வந்து விழும். இழை எடுக்காமல், அதாவது அந்த நோன்பின் முக்கியச் சடங்கை முடிக்காமல், வீட்டை விட்டு யாரும் அசைய மாட்டார்கள். இது தெரியாமல் வீட்டு மருமகன் டிக்கெட் போட்டுவிட்டு, பிறகு கேன்சல் பண்ணச் சொல்லி என்னிடம் வருவார். காலண்டரில் முதலில் நோன்பைச் சுழித்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

ரயில் என்றால், 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. டிசம்பர் 24 அன்று ஏற வேண்டுமானால் அக்டோபர் 25 காலையில் உட்கார வேண்டும். தீபாவளிப் பலகார வேலையில் அந்த நாள் கண்ணில் படாமலே போய்விடும்.

"முதல்ல பெரியப்பா வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு..."

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், எத்தனை பேர் தலையாட்டியிருப்பார்கள். தலையாட்டிவிட்டு நேராகப் பெரியப்பா வீட்டுக்குத்தான் போவார்கள்.

கோட்டையூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. அப்பத்தாவிலிருந்து யு.கே.ஜி. படிக்கிற பொடியன் வரை எட்டுப் பேர். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். வண்டலூர் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். டிக்கெட் ஆன்லைனில் எடுத்தாயிற்று, நாள் முழுக்க வேனும் பேசியாயிற்று. ஒன்பது மணிக்குப் பூங்கா வாசலில் நிற்க வேண்டியவர்கள். ஆனால் "ஒருநாளைக்கு எதுக்கு ரூமு, பெரியப்பா வீடு இருக்குல்ல" என்று கிளம்பினார்கள். பெரியப்பா வீடு பெரம்பூரில். பூங்கா ஊரின் இந்தக் கோடி என்றால், பெரம்பூர் அந்தக் கோடி.

இரண்டாம் மாடி, ஒரே குளியலறை. ஹீட்டர் இரண்டு பேருக்கு வெந்நீர் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும், மறுபடி சூடேறக் காத்திருக்க வேண்டும். காபி வந்தது. அப்படியே எழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பெரியம்மா, "ஏத்தா, வெள்ளைப் பணியாரத்துக்கு நேத்தே அரைச்சு வச்சுட்டேன். ஆளுக்கு நாலு சாப்பிட்டுட்டு ஓடிருங்க" என்றார். வெள்ளைப் பணியாரம் என்ன இட்லியா, ஒரே ஈட்டில் வேக? ஒரு கரண்டி மாவை எண்ணெயில் ஊற்றி, அது எழும்பி மேலே வந்து, திருப்பிப் போட்டு, எடுத்த பிறகுதான் அடுத்த கரண்டி. எட்டுப் பேருக்கு ஆளுக்கு நாலு. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடவே வரமிளகாய்த் துவையல் இருந்தால் நாலோடு யார் நிறுத்துவார்கள்?

பத்து மணிக்கு டிரைவர் எனக்குப் போன் பண்ணினார். "அண்ணே, வண்டிய எடுக்கச் சொல்லி வாட்ச்மேன் சத்தம் போடுறாரு. இவங்க இன்னும் கீழ வரல. நான் டீகூடக் குடிக்கல." நான் குடும்பத் தலைவரைக் கூப்பிட்டேன். அவர் பால்கனிக்கு வந்து குசுகுசுவென்று, "மத்தியானச் சாப்பாட்டுக்குக் குக்கர் வச்சுட்டாங்கண்ணே. இப்பக் கிளம்புனா மரியாதையா இருக்காது" என்றார். சாப்பாடு முடிந்து பெரியப்பா அமெரிக்காவில் இருக்கும் மகனின் வீட்டுப் படங்களைக் காட்ட ஆரம்பித்தார். மூன்றரைக்குத்தான் எழுந்தார்கள். இனி வண்டலூர் போய் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று மெரினாவில் இருட்டுக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பஸ் ஏறப் போனார்கள். எட்டு டிக்கெட் காசும் முழுநாள் வேன் வாடகையும் போனது போனதுதான்.

ஊர் வந்த பிறகு அந்தப் பொடியனிடம் கேட்டேன், மெட்ராஸில் என்னடா பார்த்தாய் என்று. "பெரியப்பா வீட்டு டிவி ரொம்பப் பெருசு" என்றான்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். பெரியம்மா செய்ததில் தப்பே இல்லை. வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பினால்தான் நம் ஊரில் தப்பு. அதனால் பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடலாம் என்று திட்டத்தில் எழுதுகிறீர்களே, அது எழுத்தோடு சரி. நம் ஜனங்கள் இருக்கும் வீட்டில் அது நடக்காது.

செலவு அதோடும் முடியவில்லை. தாம்பரத்தில் சின்னம்மா ஒருவர் இருக்கிறார். அடுத்த படைப்புக்கு, அதாவது முன்னோர்களுக்குப் படைத்துக் கும்பிட, எல்லோரும் ஊரில் கூடியபோது, "பெரம்பூர் வரைக்கும் போகத் தெரியுது, போற வழியில இருக்கிற எங்க வீடு கண்ணுக்குத் தெரியல" என்று எல்லோர் முன்னும் கேட்டுவிட்டார். அந்தக் கசப்பு இன்னும் தீரவில்லை.

என்ன செய்யலாம்? ரூம் போடுங்கள். 24 மணி நேரக் கணக்கில் கொடுக்கும் லாட்ஜ் எழும்பூர் கென்னட் லேன் பக்கமும் இருக்கிறது, தாம்பரம் பக்கமும் இருக்கிறது. எட்டுப் பேருக்கு இரண்டு ரூம். போனில் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, காலை ஐந்து மணிக்கு வந்தால் கணக்கு எப்போதிலிருந்து? மதியம் 12 மணிக்குக் கணக்கு முடிக்கிற லாட்ஜ் என்றால் இரண்டு நாள் வாடகை கேட்பார்கள். இரண்டு, வெந்நீர் எத்தனை மணிக்கு விடுவார்கள்? காலையில் குளிக்க மட்டுமல்ல அந்த ரூம். மதியம் பிள்ளைகள் ஒரு மணி நேரம் படுத்து எழவும், அப்பத்தா காலை நீட்டவும், பைகளைத் தூக்கிக்கொண்டு அலையாமல் இருக்கவும் அதுதான் உதவும்.

சொந்தக்காரர்களை என்ன செய்வது? அவர்களை வெளியே வரச் சொல்லுங்கள். "மியூசியத்துல இருக்கோம், பேரப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றால் சந்தோஷமாக வருவார்கள். கொண்டுபோன முறுக்கு டின்னையும் சீப்புச் சீடையையும் அங்கேயே கொடுத்துவிடலாம். யாரையும் பார்க்க நேரமில்லை என்றால் போகிற படத்தை ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்து வைத்தால் போதும்.

ஊரின் நாலு மூலையையும் ஒரே நாளில் தொடப் பார்ப்பது

சென்னையை மூன்று பக்கமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கிளாம்பாக்கம், வண்டலூர் ஒரு பக்கம். தட்சிணசித்ரா, முதலைப் பண்ணை, மாமல்லபுரம் என்று கடற்கரைச் சாலை ஒரு பக்கம். எழும்பூர், கிண்டி, கோட்டூர்புரம், மெரினா என்று நகருக்குள் இருப்பது ஒரு பக்கம். ஒருநாளைக்கு ஒரு பக்கம்தான். ஒரு பெரிய இடம், சாயங்காலம் ஒரு சின்ன இடம்.

வண்டலூர் என்றால் திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும். வெயில் ஏறினால் புலி நிழலில் படுத்துவிடும், பிள்ளை உங்கள் தோளில் படுத்துவிடும். 600 ஹெக்டேருக்கு மேல் பரப்பு, சின்னக் கால்கள் நடந்து தீராது. பேட்டரி காருக்கு லீவு நாளில் கூட்டம் அடித்துக்கொள்ளும், அதனால் உள்ளே நுழைந்ததும் முதல் வேலை அதுதான். தின்பண்டத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள், வாசலிலேயே நிறுத்துவார்கள். தூக்குச்சட்டி நல்லது.

நகருக்குள் என்றால் என் தேர்வு எழும்பூர் மியூசியம். 1851-இல் தொடங்கியது. வண்டலூர்ப் பூங்காவே 1855-இல் இந்த வளாகத்தில்தான் பிறந்தது. வண்டலூரில் திறந்தது 1985-இல். பிள்ளைகளை நேராகச் சோழர் வெண்கலங்களுக்குக் கூட்டிப்போனால் பத்து நிமிஷத்தில் "எப்பம்மா போவோம்" என்பார்கள். முதலில் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைக் காட்டுங்கள். வாய் பிளந்து நிற்பார்கள். அந்த வேகத்திலேயே நடராசரிடம் அழைத்துப்போய்விடலாம்.

தட்சிணசித்ராவில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே செட்டிநாட்டு வீடு ஒன்றும் இருக்கிறது. கானாடுகாத்தானிலிருந்து வந்த ஒரு அப்பத்தா அந்த முகப்பில் உட்கார்ந்து, "இதைப் பார்க்கவா பஸ்ஸு ஏத்திக் கூட்டியாந்த?" என்று பேரனைக் கேட்டார். நம் பிள்ளைகளுக்கு அங்கே கேரள வீடும் மட்பாண்டச் சக்கரமும் போதும்.

நடுவே கொஞ்சம் தி.நகர்

ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தால் அன்றைய திட்டம் அங்கேயே முடிந்தது.

மார்கழிக் கச்சேரிக்குப் பிள்ளைகளோடு

வேண்டாம். சபா கேண்டீனோடு திரும்பிவிடுங்கள்.

காரைக்குடி வானத்தைப் பார்த்துச் சென்னைக்குக் கிளம்புவது

இங்கே பளிச்சென்று வெயில் அடிக்கும், அங்கே கொட்டிக்கொண்டிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா புயல், 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயல், எல்லாமே டிசம்பர்தான். லீவு விடும் கடைசி வாரத்தில் மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும் என்றாலும் உறுதி கிடையாது. கிளம்புகிற அன்று வானிலை மையத்தின் சென்னை முன்னறிவிப்பைப் பாருங்கள். கூரைக்குக் கீழே ஒரு மாற்று இடம் கையில் இருக்கட்டும். மியூசியம் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. அதே பகுதியில் பிர்லா கோளரங்கமும் இருக்கிறது. அங்கே தமிழ்க் காட்சியும் ஆங்கிலக் காட்சியும் வேறு வேறு நேரம், கேட்டுக்கொண்டு போங்கள்.

பிள்ளைக்குக் குடை வேண்டாம், மழைக்கோட்டு போடுங்கள். குடை பிடிக்கிற கை உங்கள் கையை விட்டுவிடும். ஸ்வெட்டர் சென்னைக்குத் தேவையில்லை. ஏசி பஸ்ஸுக்குத்தான் தேவை.

காணும் பொங்கலன்று மெரினா

வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் தொலைந்துவிடும் என்று போலீசே கையில் போன் நம்பர் கட்டி அனுப்புகிற நாள் அது.

மற்ற நாளில் அதே கடலில் இறங்குவது

கால் மட்டும் நனையலாம், அதுவும் கையைப் பிடித்துக்கொண்டு. மார்கழிக் கடல் இழுக்கும்.

திரும்பும் பஸ்ஸுக்குக் கோயம்பேட்டில் போய் நிற்பது

இன்னும் நிற்கிறார்கள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் நிலையம் திறந்தது. அதன் பிறகு தெற்கே போகும் அரசு விரைவுப் பேருந்துகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஆம்னி பஸ் என்றால் ஏறுமிடம் டிக்கெட்டில் எழுதியிருக்கும், அதைக் காலையிலேயே படித்துவிடுங்கள்.

மெரினாவிலிருந்து கிளாம்பாக்கம் முப்பது கிலோமீட்டருக்கு மேல். சாயங்காலம் ஜி.எஸ்.டி. சாலையில் லீவுக்கூட்டமும் சேர்ந்துகொண்டால் இரண்டு மணி நேரம் ஆகலாம். பத்து மணி பஸ்ஸுக்கு ஏழு மணிக்கே கடற்கரையை விட்டு எழுந்துவிடுங்கள். வேன் இல்லையென்றால் எழும்பூரில் புறநகர் ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி அங்கிருந்து மாநகரப் பேருந்தில் போவது சாலையை நம்புவதைவிட மேல். பிள்ளைகளுக்கு ராத்திரிச் சாப்பாட்டை நகருக்குள்ளேயே முடித்துவிடுங்கள். பஸ் நிலையத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், சாப்பாடு வருவதற்குள் பிள்ளை தூங்கிவிடும். பிறகு நடுராத்திரி விழுப்புரம் தாண்டும்போது பசி என்று எழுந்து உட்காரும்.